உணவால் பரவிய நோயின் விசாரணைக்குக் காலவரிசைப் படம் போட எந்த மென்பொருள் நல்லது?

கேள்வியில் இரண்டே வரி இருக்கிறது. விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு, யார் எப்போது விழுந்தார்கள் என்று ஒரு படம் வேண்டும், எந்த மென்பொருள் அழகாகப் போட்டுத் தரும்? குழுவில் இளையவர் நீங்கள், நாளைக்கே ஏதோ கூட்டம், அதனால் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது. அந்த ‘அழகாக’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. தொற்றுநோயியல் பட்டமும் கிடையாது. சுகாதாரத் துறையில் தரவுப் பதிவு வேலைக்குச் சேர்ந்து, லைன் லிஸ்ட், அதாவது நோயாளிக்கு ஒரு வரி என்று விவரம் எழுதும் பட்டியல், தட்டித் தட்டியே கற்றுக்கொண்டவன். பிழை இருந்தால் திருத்துங்கள். ‘இதெல்லாம் முதல் வருடப் பாடம்’ என்று மட்டும் எழுத வராதீர்கள். நான் தப்பாகப் படம் போட்டுக் காட்டிய அறையில் முதல் வருடம் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒரு பயிற்சி விடுதி. சனிக்கிழமை மதியம் 1 மணிக்குச் சாப்பாடு. ஞாயிறு காலை 30 பேர் மருத்துவமனையில். வயிற்றைப் பிசையும் வலி, வயிற்றுப்போக்கு. வாந்தி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வந்த நேரம் இருந்தது. கையில் கிடைத்ததை வைத்து மணிக்கு ஒரு பட்டையாகப் போட்டுக் கொடுத்தேன். காலை 7 மணியில் ஒரு குன்று, 11 மணியில் இன்னொரு குன்று, நடுவில் வெறுமை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மேலதிகாரி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இரண்டு அலை. முதல் கூட்டத்துக்குச் சனிக்கிழமைச் சாப்பாடு, இரண்டாவது கூட்டத்துக்கு ஞாயிறு காலை உணவு” என்றார். காலை உணவு 7.30க்கு. மூன்றரை மணி நேரத்தில் நோய் வருமா? வரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் விடும் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஆளைப் படுக்க வைத்துவிடும். ஆனால் அதில் வாந்திதான் முன்னால் நிற்கும். அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். காலை உணவு சமைத்தவரை அன்று மாலையே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடுதிக்குப் போனேன். அவர்களிடம் இருந்தது ஒரே வண்டி. முதல் நடையில் 18 பேரை ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து மீதி 12 பேரை ஏற்றியிருக்கிறார்கள். என் படத்தில் இருந்த இரண்டு குன்றும் அந்த வண்டியின் இரண்டு நடைதான்.

ஆகவே கிடைமட்ட அச்சில் முதல் அறிகுறி தோன்றிய நேரம்தான் வரவேண்டும். மருத்துவமனைக்கு வந்த நேரமோ புகார் பதிவான நேரமோ வரக்கூடாது. இதைச் சொல்வது எளிது, அந்த நேரத்தை வாங்குவதுதான் பாடு. “எத்தனை மணிக்கு வயிறு வலித்தது?” என்று கேட்டால் எல்லோரும் 10, 12 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். “விளக்கை அணைத்த பிறகா? பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எழுந்து போனதற்கு முன்னாலா?” என்று கேட்டால் நேரம் கொஞ்சம் இறுகும்.

அப்படியெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து அடுத்த தப்பைச் செய்தேன். ‘சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி’ என்று நாம் பேசினால், நாள்காட்டிப்படி அது ஞாயிறு 1 மணி. ஐந்து பேருக்கு அதைச் சனிக்கிழமை 01:00 என்று தட்டிவிட்டேன். படத்தில் அந்த ஐந்து பேரும் மதியச் சாப்பாட்டுக்கு 12 மணி நேரம் முன்னாலேயே நோயாளிகள்! “பார்த்தாயா, மதியச் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று அறையில் ஒருவர் சொன்னபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. இப்போதெல்லாம் இரவில் தொடங்கியது என்று சொன்னால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: “அதற்கப்புறம் விடிந்தது எந்தக் கிழமை?”

திருத்திப் போட்டதும் குன்று ஒன்றானது. மளமளவென்று ஏறி, மெதுவாக இறங்கியது. ஒரே வேளையில் ஒரே இடத்திலிருந்து வந்த நோய்க்கு அதுதான் வடிவம். பட்டையின் அகலத்தை நோயரும்பு காலத்தில், அதாவது கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையான நேரத்தில், நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். நான் 3 மணி நேரம் வைத்தேன். ஒரு நாளுக்கு ஒரு பட்டை என்று வைத்திருந்தால் இரண்டு பட்டையோடு கதை முடிந்திருக்கும். விழுந்த வரிசையில் எல்லோரையும் நிறுத்தினால் நடுவில் நிற்கும் ஆள் ஏறக்குறைய நள்ளிரவில் விழுந்திருந்தார். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி 6 முதல் 24 மணி நேரம் எடுக்கும், பெரும்பாலும் 10, 12 மணி. பின்னோக்கி எண்ணினால் மதியச் சாப்பாட்டில் போய் நிற்கிறது. பெரிய பாத்திரத்தில் சமைத்த இறைச்சியை மூடி வைத்து மெல்ல ஆறவிட்டால் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். அதன் வித்துகள் கொதியிலும் சாகாது.

நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் படம் இதற்கு அடுத்தது. ஆளுக்கு ஒரு கோடு. சாப்பிட்ட நேரத்தில் ஒரு புள்ளி, நோய் தொடங்கிய நேரத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்தால் போதும். விடுதி வாசலில் காவலுக்கு நின்றவர் மருத்துவமனைக்கே போகவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் வெளியே வரும்போது, “எனக்கும் நேற்றுக் காலை 8 மணியிலிருந்து வயிறு சரியில்லை தம்பி” என்றார். மதியம் அவர் அங்கே சாப்பிடவில்லை. இரவு 9 மணிக்கு, மிஞ்சிய இறைச்சியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். காலை உணவையும் தொடவில்லை. படத்தில் 30 கோடுகள் இடப்பக்கம் அடுக்கி நிற்க, 31ஆவது கோடு மட்டும் வலப்பக்கம் தள்ளி நின்றது. நீளம் ஏறக்குறைய அதே 11 மணி நேரம். அறையில் யாரும் பேசவில்லை.

“ஒரு காவலாளியை வைத்து எதுவும் நிரூபணம் ஆகாது” என்று யாராவது எழுதுவீர்கள். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். மலப் பரிசோதனை முடிவு பிறகு வந்துதான் உறுதியானது. ஆனால் நேரம் தப்பிச் சாப்பிட்டவரைத் தேடுவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1940 ஏப்ரல் 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் நடந்த தேவாலய விருந்து இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். அதில் ஒரு சிறுவன் மாலை விருந்து தொடங்கும் முன்பே, பகல் 3 மணிக்கே விழுந்துவிட்டான். காலை 11 மணிக்கே அவன் வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தான். பழி சேர்ந்ததும் வனிலா ஐஸ்கிரீமிடம்தான். படத்துக்குப் பொருந்தாத ஆளைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் என் வயிற்றெரிச்சல் ஒன்று. அந்த விடுதிக்குப் போய்வந்த பயணப்படி விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டேனாம், எண்ணில் எழுத வேண்டுமாம். வந்த நேரத்தை நோய் தொடங்கிய நேரம் என்று பெயரிட்டுப் போட்ட என் முதல் படம் மட்டும் ஒரே கையெழுத்தில் மேலே போனது. சமைத்தவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா என்று இரண்டு முறை கேட்டேன். “அது நம் வேலை இல்லை” என்றார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் படத்தில் இன்னொன்று. சமையலறையை மூடிய நேரம், சாப்பாட்டைக் கொட்டிய நேரம் எல்லாவற்றையும் செங்குத்துக் கோடாகப் போடுங்கள், நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். 1854இல் லண்டன் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சொல்லித் தெருத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றியதால் காலரா நின்றது என்பார்கள். கழற்றிய செப்டம்பர் 8ஐக் கோடாகப் போட்டால், எண்ணிக்கை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது தெரியும். பல நாள் நீடிக்கும் பரவல் என்றால் வலது ஓரத்துப் பட்டைகளை வேறு நிறத்தில் வையுங்கள். அங்கே உயரம் குறைவதற்குத் தகவல் வந்து சேராததே காரணமாக இருக்கலாம். நோரோவைரஸ் மாதிரி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது என்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டாவது குன்று உண்மையாகவே வரும். அதற்கும் சாப்பாட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மென்பொருள் கேட்டீர்கள். எக்செல் போதும். பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 0 ஆக்குங்கள், முப்பரிமாணம் வேண்டாம், தட்டும் கரண்டியும் படமாக ஒட்ட வேண்டாம். அதைத் திறப்பதற்கு முன் உங்கள் லைன் லிஸ்டில் ‘சாப்பிட்ட நேரம்’ என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கு இரவே எல்லோருக்கும் போன் போட ஆரம்பியுங்கள்.