ஜெர்மனிக்குச் சோலார் தாங்கு சட்டமும் போல்ட்டும் அனுப்ப என்ன வேண்டும்?

கேள்வி: எங்கள் சிறிய ஆலையில் சோலார் பேனலைத் தாங்கும் எஃகுச் சட்டங்களும் போல்ட்டுகளும் செய்கிறோம். ஜெர்மனி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறுவதால் அங்கே நல்ல வாய்ப்பு என்கிறார்கள். எங்களால் நுழைய முடியுமா? எதைத் தயார் செய்ய வேண்டும்?

பதில்: முடியும். 2023 ஏப்ரலில் கடைசி மூன்று அணு உலைகளையும் மூடிவிட்ட ஜெர்மனி, 2030-இல் மின் நுகர்வில் 80 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது. சூரிய மின்சாரத்துக்கு மட்டும் இலக்கு 215 கிகாவாட். பேனல் விலையில் சீனாவோடு மோத வேண்டாம். உங்களுக்கு இடம் இருப்பது தாங்கு சட்டத்திலும் போல்ட்டிலும்தான். சீனாவின் சாதா எஃகுப் போல்ட்டுகளுக்கு 2022 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்து வருகிறது. அதற்காகச் சீன போல்ட்டை வாங்கி உங்கள் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைச் சுங்கத்துறை தோண்டிப் பார்க்கும்.

ஆர்டர் கைநழுவக்கூடிய இடம் கார்பன் எல்லை வரி, அதாவது பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்காக ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாளரிடம் வாங்கும் கட்டணம். 7308 சுங்க எண்ணில் வரும் சட்டங்கள், 7318-இல் வரும் போல்ட்டுகள் இரண்டுமே அதற்குள் அடங்கும். 2026 ஜனவரி முதல் வரும் சரக்குக்கு, இவ்வகைப் பொருள்களை ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்பவர், அதன் உமிழ்வுக்கு ஏற்பக் கார்பன் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். மற்றவர்களிடம் அவர் வாங்கும் சரக்கும் இந்த 50 டன்னில் சேரும் என்பதால், உங்களுடையது இரண்டே கண்டெய்னர் என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் உமிழ்வுக் கணக்கை, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் ஒப்புதலோடு கொடுக்காவிட்டால், ஒன்றியம் வைத்திருக்கும் இயல்பு மதிப்பை (சொந்தக் கணக்கு இல்லாதவர்களுக்கான பொது எண்ணை) போட்டுக்கொள்வார்கள். அது பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே முடியும்.

ஒரு பொதுவான தவறான கணக்கு: ஆலைக் கூரையில் சோலார் போட்டால் இந்த வரி குறையும் என்பது. குறையாது. எஃகுப் பொருள்களுக்கு நேரடி உமிழ்வை மட்டுமே எண்ணுகிறார்கள், வாங்கும் மின்சாரம் கணக்கில் வராது. கார்பனில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் காயிலிலும் (எஃகுத் தகட்டுச் சுருள்) கம்பியிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஊது உலை எஃகுக்கு டன்னுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வரும், பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிய எஃகுக்கு மிகக் குறைவு. ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் எஃகு சப்ளையரிடம். உமிழ்வு எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

கூடவே 3.1 வகை ஆலைச் சான்றும் (எஃகு ஆலை தன் சோதனை முடிவுகளோடு தரும் சான்று) கேளுங்கள். ரஷ்ய எஃகில் செய்த பொருளுக்கு ஒன்றியத்தில் தடை இருப்பதால், எஃகு ரஷ்யாவில் உருவானதல்ல என்று காட்டவும் அதுதான் கைகொடுக்கும். காயிலை வெட்டிய பிறகு ஹீட் நம்பரை (எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) துண்டுகளுக்கு மாற்றி எழுத மறந்தால், கையில் சான்று இருந்தும் பயனில்லை.

சட்டங்களுக்கு ஈ.என். 1090 சான்றும் (எஃகுக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பியத் தரம்) சி.இ. முத்திரையும் (ஒன்றியத்தின் விதிகளுக்கு உட்பட்டது என்னும் குறி) வேண்டும். வெல்டர்கள் ஐ.எஸ்.ஓ. 9606 தேர்வு முடித்திருக்க வேண்டும். கால்வனைசிங் (துரு தடுக்கும் துத்தநாகப்) பூச்சு ஐ.எஸ்.ஓ. 1461-படி: எஃகின் தடிமன் 6 மி.மீ.க்கு மேல் என்றால் சராசரி 85 மைக்ரான், 3 முதல் 6 மி.மீ. என்றால் 70. பூச்சுக்குப் பின் துளை போட்டால் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

10.9 தர (அதிக வலிமையுள்ள) போல்ட்டில் கூடுதல் கவனம் தேவை. பூச்சுக்கு முன் சுத்தம் செய்யும் அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். இறுக்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தெறிக்கும். அமிலத்துக்குப் பதில் ஷாட் பிளாஸ்ட் (சிறு குண்டுகளை வேகமாக வீசிச் சுத்தம்) செய்வது பாதுகாப்பு.

விலை சொல்லும்போது டி.டி.பி. விதிமுறையை (வரியெல்லாம் கட்டி வாங்குபவர் இடத்தில் சேர்ப்பது) ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டால் இறக்குமதியாளரின் பொறுப்பும் கார்பன் செலவும் உங்கள் தலையில் விழும். எஃப்.ஓ.பி. (நம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரை) அல்லது சி.ஐ.எஃப். (அவர்கள் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்து) போதும். முதல் மடலிலேயே 1090 சான்று, உமிழ்வு எண், ஒரு மாதிரி ஆலைச் சான்று மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். கேட்லாக்கைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.