சிறிய ஊர் அணி பெரிய நகர அணியோடு எப்படிப் போட்டி போடுகிறது?
அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே போன்ற சிறிய ஊர் அணி நியூயார்க் அணிகளுக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் தொலைக்காட்சிப் பணம். அணிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க 1961-இல் வந்த சட்டம் வழிவிட்டது. அந்தத் தேசிய ஒப்பந்தத் தொகை இன்று 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. சுமார் 1 லட்சம் பேர் வாழும் ஊருக்கும் அதே பங்குதான். அப்புறம், 1994 முதல் வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

பேஸ்பாலில் நிலைமை வேறு. அங்கே உள்ளூர் ஒளிபரப்பு வருமானம் நகரத்துக்கு நகரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. அதில் ஒரு பகுதியைப் பொதுவில் போட்டுப் பிரித்தும் இடைவெளி மூடவில்லை. பங்கு வாங்கும் சில அணிகள் அதை வீரர்களுக்குச் செலவழிப்பதில்லை என்ற புகார் வீரர் சங்கத்திடமிருந்தே வந்திருக்கிறது. ரசிகர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.