சுவரில் இருப்பதும் தலையில் இருப்பதும்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளிச் சுவரில் சிலுவை கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சும்மா மாட்டியிருக்கும் சிலுவை யாரை என்ன செய்துவிடும்? பிடிக்காதவர் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகட்டுமே. அதை எடுத்தே தீரவேண்டும் என்றால் ஆசிரியையின் ஹிஜாபை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பார்க்காமல் இருந்துவிடலாம் என்கிறீர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பெற்றோர் தொடுத்த வழக்கைச் சொல்கிறேன். அவர்களுடைய பிள்ளையின் வகுப்பறையில் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உருவத்தோடு கூடிய சிலுவை, இருந்தது. அதில் இயேசுவின் உடல் மட்டும் 60 சென்டிமீட்டர். கரும்பலகையை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அதுவும் கண்ணில் படும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்? பள்ளிக்குப் போகாமலும் இருக்க முடியாது, அங்கே அது கட்டாயம்.

1995-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், அரசுப் பள்ளியில் சிலுவை மாட்டச் சொன்ன அந்த விதி செல்லாது என்றது. அதுவும் நீதிபதிகள் 5-க்கு 3 என்று பிரிந்துதான். எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மியூனிக்கில் திரண்டார்கள். எதுவும் சொல்லாத பொருளுக்காகவா அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்? பெற்றோர் எதிர்த்தால் பேசித் தீர்க்கலாம் என்று புதுச் சட்டம் போட்டு பவேரியா சிலுவையை வைத்துக்கொண்டது.

இத்தாலியின் அரசுப் பள்ளிச் சிலுவை பற்றிய வழக்கில், 2011-இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உங்கள் கட்சிதான். சுவரில் இருக்கும் சிலுவை பாடம் நடத்துவதில்லை என்றது. சரி, நடத்தவில்லை. ஆனால் இந்த அறை யாருடையது என்று அது சொல்லிவிடுகிறதே! இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அது வெறும் பண்பாட்டுச் சின்னம் என்று வாதாடித்தான் சுவரில் காப்பாற்றுகிறார்கள். அதன் முன்னால் மண்டியிட்டு அழுகிறவருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

ஹிஜாபுக்கு வருகிறேன். சுவர் அரசுடையது, தலை அவருடையது. கனடாவின் கியூபெக் சட்டமன்றத்தில் 1936 முதல் சபாநாயகர் இருக்கைக்கு மேலே தொங்கிய சிலுவையை 2019-இல் இறக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டு, ஆசிரியர்களும் காவலர்களும் பணியில் மதச் சின்னம் அணியக் கூடாது என்றும் சட்டம் போட்டார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு, அதே பதவியில் இருக்கும்வரை. ஹிஜாப் அணிந்த ஆசிரியை அந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆகவேண்டும் என்றால், முதலில் அதைக் கழற்ற வேண்டும்.