மகன் தொழிற்கல்விப் பிரிவு கேட்கிறான்: தக்கலை அக்காவுக்குப் பதில்

அக்கா, பத்தாம் வகுப்பு முடித்த மகன் மின் வேலை படிக்க ஆசைப்படுகிறான், சொந்தக்காரர்கள் "படிப்பு வராதவனுக்குத்தான் அது" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சைத் தயவுசெய்து அவன் காதில் விழ விடாதீர்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978இல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதைப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போய், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பட்டறையில் கருவிகள் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்தப் பிரிவைப் பல வருடமாக அரசு கவனிக்காமல் விட்டதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஆசிரியர் இல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்து என்ன பயன்?

பள்ளியில் சரியில்லை என்றால் நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருடம். முடித்தால் அதிலிருந்தும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம், அதுவும் கோணத்திலேயே. நம் பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ டெக்னீஷியன் வேலைக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐடிஐ சான்றிதழும்தான். பிளஸ் டூ தகுதி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஐடிஐயோடு தமிழ், ஆங்கிலத் தேர்வு எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும்.

அப்புறம், இரண்டு இடத்துக்கும் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.