வேலூர்ப் பகுதி தொலைநிலை மாணவர்களின் அசைன்மென்ட் மதிப்பீட்டை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

மதிப்பெண்ணை விடுங்கள், முதலில் விடைத்தாளின் ஓரத்தைப் பாருங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70. அந்த 30-க்கு உயிரே ஆசிரியர் எழுதும் குறிப்புதான். வெறும் டிக்கும் "நன்று" என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தால், குடியாத்தத்தில் தறி வேலை முடித்து இரவில் எழுதியவருக்கு எங்கே தவறினோம் என்றே தெரியாது.

அடுத்து மதிப்பெண்ணுக்கு வாருங்கள். ஒப்புதல் வாங்கி, 40 தாள்களை நகலெடுங்கள். பெயர், பதிவெண்ணோடு பழைய மதிப்பெண்ணையும் மறைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால் திருத்துபவரின் கை அந்தப் பக்கமே சாயும். இருவர் தனித்தனியாகத் திருத்தட்டும். இருவர் போட்ட மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு மட்டும் போதாது: ஒருவர் மற்றவரைவிட எல்லோருக்கும் சரியாகப் பத்துப் பத்தாகக் குறைத்துப் போட்டாலும் அது 1 என்றே வரும். மதிப்பெண் வித்தியாசத்தின் சராசரியையும் கட்டாயம் பாருங்கள்.