பிரிக்ஸ் நாடுகளின் 100 பில்லியன் டாலர் அவசர நிதி சர்வதேச நாணய நிதியத்துக்கு (ஐ.எம்.எஃப்) மாற்றாகுமா?

இப்போதுள்ள வடிவில் ஆகாது. ஒப்பந்தத்தின் விதிகளே அதற்கு இடம் தரவில்லை.

2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் கையெழுத்தான சி.ஆர்.ஏ. என்ற கையிருப்பு ஏற்பாட்டைத்தான் கேட்கிறீர்கள். ஷாங்காயில் உள்ள பிரிக்ஸின் புதிய வளர்ச்சி வங்கி வேறு. அது திட்டங்களுக்குக் கடன் தருவது. சி.ஆர்.ஏ. டாலர் தட்டுப்பாட்டுக்கானது. அந்த 100 பில்லியனும் ஓரிடத்தில் சேர்த்து வைத்த பணம் இல்லை. சீனா 41, இந்தியா, பிரேசில், ரஷ்யா தலா 18, தென்னாப்பிரிக்கா 5 என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யாராவது கேட்கும்வரை அது அந்தந்த மத்திய வங்கியிடமே இருக்கும்.

இந்தியா அதிகபட்சம் 18 பில்லியன் கேட்கலாம். ஆனால் 30 சதவீதம், அதாவது 5.4 பில்லியன்தான் ஐ.எம்.எஃப் இல்லாமல் கிடைக்கும். மீதி 12.6 பில்லியன் வேண்டுமென்றால் ஐ.எம்.எஃப் கடன் திட்டம் ஒன்று நடப்பில் இருக்க வேண்டும், அதன் நிபந்தனைகளையும் ஒழுங்காக நிறைவேற்றிவர வேண்டும். எதற்கு மாற்று வேண்டுமென்று தொடங்கினார்களோ, அதன் வாசலிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது!

தவணைதான் இதைவிடப் பெரிய சிக்கல். ஐ.எம்.எஃப் தொடர்பில்லாத பகுதிக்கு 6 மாதம். 3 முறை நீட்டித்தாலும் 2 ஆண்டோடு முடிந்துவிடும். 2020-இல் கோவிட் நெருக்கடியில் தென்னாப்பிரிக்கா என்ன செய்தது என்று பாருங்கள். சி.ஆர்.ஏ.-வில் அதன் உச்சவரம்பு 10 பில்லியன் (தருவதாகச் சொன்ன 5-ஐப்போல் இரு மடங்கு), ஐ.எம்.எஃப் இல்லாமல் 3 பில்லியன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஐ.எம்.எஃப்-இன் அவசரக் கடனாக 4.3 பில்லியன் வாங்கியது. அதைத் திருப்பிக் கட்ட 5 ஆண்டு வரை அவகாசம், தொடர்ச்சியான சீர்திருத்தத் திட்டமும் இல்லை. எந்த நிதியமைச்சராக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

கடன் கேட்பவருக்கு ஓட்டு கிடையாது. தருபவர்களின் எடையிட்ட ஓட்டில் (பெரும்பாலும் தருவதாகச் சொன்ன தொகையைப் பொறுத்தது) பாதிக்கு மேல் வேண்டும். சீனாவுக்கு 39.95 சதவீத ஓட்டு. இந்தியா கேட்டால் மிஞ்சுவது 81.9. சீனா மறுத்தாலும் பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்தால் 41.95, அதாவது 81.9-இல் பாதியைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். மூன்றில் ஒன்று பின்வாங்கினாலும் இந்தியாவின் கோரிக்கை விழுந்துவிடும். இந்தியாவில் இதை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அந்த 30 சதவீதத்தை ஏன் உயர்த்தவில்லை? கடன் வாங்கும் நாட்டின் கணக்கைச் சொந்தமாக ஆராய்ந்து சொல்ல பிரிக்ஸிடம் முழுநேர நிபுணர் அமைப்பு இல்லை. அதனால் கொடுப்பவர்கள் ஐ.எம்.எஃப்-இன் மதிப்பீட்டை நம்புகிறார்கள். ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்த சியாங் மாய் ஏற்பாட்டிலும் இதே கட்டுப்பாடு உண்டு. அவர்கள் 2011-இல் சிங்கப்பூரில் ஆம்ரோ என்ற கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஐ.எம்.எஃப் சாராத பங்கு 20-லிருந்து 30, பிறகு 2021-இல் 40 சதவீதம் ஆனது.