கொழும்பில் குட்டித் தேனிலவு: கேள்வியும் பதிலும்

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பு ஹொட்டேல் ஒன்றின் முன்பதிவுப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். கலியாணம் முடிந்த கையோடு இரண்டு மூன்று நாள் கொழும்பில் நிற்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம், ஒரு தம்பி: அக்கா, மூண்டு நாள்தான் லீவு. நுவரெலியா போவமா, கொழும்பிலயே நிப்பமா? கொழும்பில என்ன கிடக்கு எண்டு வீட்டில கேக்கினம்.

கொழும்பிலேயே நில்லுங்கள் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த களைப்போடு, இன்னும் ஐந்தாறு மணித்தியாலம் வாகனத்தில் மலை ஏறினால் மூன்று நாளில் ஒரு நாள் வீதியிலேயே போய்விடும். நுவரெலியாவுக்கு ஒரு கிழமை லீவு கிடைக்கும்போது போகலாம்.

கொழும்பில் இருக்கிற பெரிய சொத்து மேற்குக் கடல். சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். மாதத்தைப் பொறுத்து மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை எந்த வேலையும் வைக்காதீர்கள். காலி முகத்திடலோ, கல்கிசைக் கரையோ, வெள்ளவத்தை மரைன் டிரைவோ, எங்கே என்றாலும் சரி, அந்த நேரம் கடலுக்கு. மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றிப் போடுங்கள்.

மட்டக்களப்பு, ஒரு தங்கச்சி: எந்தப் பக்கம் றூம் எடுக்கிற அக்கா? கோட்டையா, கல்கிசையா?

கடற்கரையில் கால் நனைக்க ஆசை என்றால் கல்கிசை. இரவில் வெளிச்சமும் கடைகளும் நடையும் வேண்டும் என்றால் கோட்டை, கொள்ளுப்பிட்டிப் பக்கம். உங்களுக்கு நான் கல்கிசையைத்தான் சொல்வேன். உங்கள் ஊர்க் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள், இங்கே மறைவதைப் பாருங்கள். அங்குள்ள பெரிய ஹொட்டேல் 1800களின் தொடக்கத்தில் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்டின் மாளிகையாக இருந்தது. லொவினா என்ற நடனப் பெண்ணை அவர் காதலித்ததாக ஒரு கதையும் உண்டு. அங்கே தங்க வசதி இல்லாவிட்டாலும் மாலையில் ஒரு தேநீருக்குப் போகலாம். ஒன்று மட்டும்: இரண்டு இரவுக்கு இரண்டு ஹொட்டேல் எடுக்காதீர்கள். பெட்டி கட்டி அவிழ்ப்பதில் அரை நாள் போகும்.

சென்னை: எங்களுக்கு 2 நைட்தான். கோயில், ஷாப்பிங், பீச், தாமரைக் கோபுரம், மியூசியம், யானை எல்லாம் பார்க்கணும். பிளான் போட்டுத் தர முடியுமா மேடம்?

யானையை விட்டுவிடுங்கள், காட்டில் யானை பார்க்க நகரத்தை விட்டு நெடுந்தூரம் போகவேண்டும். மற்றதிலும் அரை நாளுக்கு ஓரிடம் போதும். ஒரு காலை புறக்கோட்டை: 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெரு நகைக்கடைகள், அப்படியே கொச்சிக்கடையில் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில். இன்னொரு காலை பேர வாவி. வாவிக்குள் நிற்கும் சீமா மாலகையைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். விகாரை என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். தாமரைக் கோபுரத்தை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் பார்க்கக் கிடைக்காத சூரிய அஸ்தமனம் இங்கே இருக்கிறது, அந்த நேரத்தை ஷாப்பிங் மோலுக்குக் கொடுக்காதீர்கள்.

ஹட்டன், ஒரு ஆசிரியர்: பேசிச் செய்த கலியாணம். ரெண்டு பேரும் இன்னும் சரியாப் பேசிப் பழகல. கேண்டில் லைட் டின்னர் புக் பண்ணலாமா?

முதல் நாள் வேண்டாம் சேர். கூச்சம் போகாத இருவரை எதிரும் புதிருமாக உட்கார வைத்து, நடுவில் மெழுகுதிரியும் வைத்து, பக்கத்தில் ஒரு வெயிட்டரையும் நிறுத்தினால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள், பேச்சு தானாக வரும்.

என் முதல் தெரிவு ரயில். கோட்டையில் ஏறி கல்கிசைக்குப் போங்கள், வலது பக்க ஜன்னல். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வரும். டிக்கெட் மிகவும் மலிவு. ஒபிஸ் விடுகிற நேரத்தில் ஏறினால் நிற்கவும் இடமிருக்காது, அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னே ஏறுங்கள். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது, உயிர் போன சம்பவங்கள் இருக்கின்றன.

அடுத்த நாள் பேர வாவியில் அன்னப் படகு மிதிக்கலாம். பிறகு காலி முகத்திடல். ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859இல் அமைத்த நடைபாதை அது. அங்கே வெயிலில் குடைக்குள் ஒதுங்கியிருக்கிற சோடிகளை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இஸ்ஸோ வடை (இறால் வடை) சூடாகப் போடும் தள்ளுவண்டியில் வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த டின்னரைக் கடைசி இரவுக்கு வையுங்கள். அதுவும் மனைவியிடம் கேட்டுவிட்டு. எங்கே போக ஆசை என்று கேட்பதே நல்ல தொடக்கம். இதுவரை அதை யாரும் அவவிடம் கேட்டிருக்காமலும் இருக்கலாம்.

வவுனியா: வெள்ளவத்தையில மாமி, பம்பலப்பிட்டியில சித்தப்பா, தெஹிவளையில பெரியம்மா. எல்லாரும் விருந்துக்குக் கூப்பிடினம். போகாட்டி கோவிப்பினம்.

இதுதான் கொழும்புத் தேனிலவின் மிகப் பெரிய சிக்கல். மூன்று வீட்டு விருந்து என்றால் மூன்று நேரச் சாப்பாடு மட்டும் இல்லை. போக்குவரத்து, பலகாரத் தட்டு, கலியாண வீடியோ, அயலட்டைச் சனம் என்று முழு நாளும் போகும். மூத்தவர் ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடட்டும், கடைசி நாள் மத்தியானம், ஒரே விருந்து. கலியாணத்துக்கு முன்பே அம்மாவைக் கொண்டு சொல்லுவியுங்கள். “மாமி, ஞாயிறு மத்தியானம் கட்டாயம் வாறம்” என்று நாளைக் குறித்துச் சொன்னால் கோபம் வராது. “பாப்பம்” என்று இழுத்தால்தான் வரும். ஹொட்டேல் பெயரை யாருக்கும் சொல்லாதீர்கள். மாமி வீட்டிலேயே தங்கலாம் என்ற யோசனை இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அவர்கள் அன்பானவர்கள்தான், ஆனால் புதுப்பெண் விடிய எழும்பி யாருக்குத் தேத்தண்ணி போடுவது என்று யோசிக்கவேண்டிய நாட்கள் இவை இல்லை.

திருகோணமலை: 10,000 ரூபா எண்டு போட்ட றூமுக்கு பில் கூட வரும் எண்டு சொல்லுறாங்க. உண்மையா?

உண்மை. சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம். 10,000 ரூபா ஏறத்தாழ 13,000 ஆகும். “நெட் றேட் (எல்லாம் சேர்த்த விலை) எவ்வளவு, காலைச் சாப்பாடு சேர்த்தா?” என்று போனில் கேட்டு, பதிலை மெசேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கார்ட்டுகளுக்கு விலைக் கழிவு உண்டா என்றும் கேளுங்கள். புதுமணத் தம்பதி என்று முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் பூவும் கேக்கும் வைப்பார்கள், சிலவேளை நல்ல றூமுக்கும் மாற்றித் தருவார்கள். சின்ன விடுதிகளில் கலியாணச் சான்றிதழ் கேட்பதுண்டு, போனில் ஒரு படம் இருக்கட்டும்.

ரொறன்ரோ: எனக்குக் கனடா பாஸ்போர்ட், மனைவிக்கு இலங்கை அடையாள அட்டை. எந்த றேட்?

பல ஹொட்டேல்களில் உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் ஒரு விலை, வெளிநாட்டவருக்கு டொலரில் ஒரு விலை. உங்களைப் போன்ற சோடிக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதி. மனைவியின் பெயரில், உங்கள் பாஸ்போர்ட் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லி, விலையை எழுத்தில் வாங்குங்கள்.

நீர்கொழும்பு: பௌர்ணமி இரவு, கடற்கரை ரெஸ்டோரண்ட், வைன். எப்படி ஐடியா?

நிலவு கிடைக்கும், வைன் கிடைக்காது. பௌர்ணமி இங்கே போயா விடுமுறை; மது விற்பனையும் இறைச்சிக் கடைகளும் மூடல். வைன் முக்கியம் என்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். வெசாக் போயா என்றால் தள்ளாதீர்கள், பேர வாவிக் கரையின் வெளிச்சக் கூடுகளைப் பார்க்கவேண்டும்.

புத்தளம்: ஜூனில்தான் லீவு. மழை கெடுத்துப்போடுமா?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. நாள் முழுக்கக் கொட்டாது, ஆனால் கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்காதீர்கள். ஈர நாளுக்கு 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, முன்பு பாவாவின் அலுவலகமாக இருந்த கலரி கஃபேயில் ஆறுதலாக ஒரு மத்தியானம். ஹலால் சாப்பாட்டுக்குக் கொழும்பில் பஞ்சமே இல்லை.

கிளிநொச்சி: கடைசி நாள் பகல் பன்னிரண்டுக்கு றூம் விடவேணும், பஸ் இரவுதான். இடையில என்ன செய்யிற?

பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு எடுக்க மாட்டார்கள். மத்தியானம் அந்த ஒரே விருந்து, மாலை வெள்ளவத்தைக் கரை. வடக்கு பஸ்கள் பல வெள்ளவத்தையிலிருந்தே வெளிக்கிடும் என்பதால் திரும்பக் கோட்டைக்கு அலையத் தேவையில்லை. வார இறுதி என்றால் சீட்டை முன்கூட்டியே போடுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதானா என்று காசு கட்டமுன் கேளுங்கள்.